இரண்டு பேருக்கு ஐம்பத்தெட்டு கிலோ அரிசி

ஜனவரி 5, திங்கள்

பால்: 1 லிட்டர் (அரை லிட்டர் பாக்கெட் இரண்டு). பயன்படுத்தியது 150 மில்லி.
பிரெட்: 4 துண்டு.
முட்டை: 2.

இது நான் வேலை பார்க்கும் ஆய்வு நிறுவனம் அச்சடித்த நுகர்வுக் குறிப்பேடு. ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் என்ன வாங்கியது, எவ்வளவு சாப்பிட்டது, எது மிச்சம் என்று அந்த வீட்டுக்காரர்களே தினமும் எழுதிவைப்பதற்காக வீட்டுக்கு ஒன்று கொடுப்போம். வான்மதியின் ஃபீல்டு பையில் ஒன்று மீதி இருந்தது. முதல் பக்கத்தில் 'குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். அதை விட்டுவிட்டு இரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

அலுவலகம் போனேன். எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். காபி மெஷின் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தாமலே சிரித்திருக்கலாம்.

ஜனவரி 6, செவ்வாய்

பால்: 1 லிட்டர். பயன்படுத்தியது 150 மில்லி.
இட்லி (கடை): 4.

புராஜெக்ட் தலைவர் கேத்தரின் மேடம் கூப்பிட்டார்.

"ஒக்காரு சிபி. இதப் பேசுறதுக்கு எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. வான்மதி எடுத்த பன்னெண்டு வீட்டுல மூணு வீடு இன்னும் சிவப்புலயே நிக்குது."

"தெரியும் மேடம்."

"ரெண்டாவது விசிட் போய் அந்த நம்பர் ஏன் அப்படி இருக்குன்னு ஒரு காரணம் கொண்டாரணும். இருபத்திமூணாம் தேதிக்குள்ள. இல்லேன்னா பன்னெண்டையும் தூக்கணும்ப்பா. ரிப்போர்ட்டுல அவ கோடு நம்பர் வரும். பக்கத்துல காரணமும் வரும்."

என்ன காரணம் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பட்டியலின் தலைப்பை எழுதியவன் நான்தான். 'வீடு செல்லாமல் நிரப்பியவை'.

"வேற ஃபீல்டு ஆளு, கஸ்தூரிய அனுப்பட்டுமா?"

"நான் போறேன்."

"நீ ஃபீல்டுக்கே போனதில்லையேப்பா."

"போறேன் மேடம்."

எங்கள் வேலை இப்படி. வான்மதி போன்றவர்கள் வீடு வீடாகப் போய் டேப்லெட் கம்ப்யூட்டரில், எங்கள் பேச்சில் டேப்பில், எழுதி அனுப்புவார்கள். அது என் புரோகிராம் வழியாக வரும். ஒரு வீட்டின் அரிசியை அந்த வீட்டு ஆட்களால் வகுக்கும். தலைக்கு மாதம் பதினாறு கிலோவுக்கு மேல் போனால் சிவப்பு. பூஜ்யம் வந்தாலும் சிவப்பு. பருப்பு, எண்ணெய், பால் எல்லாவற்றுக்கும் இப்படி மேல் எல்லை, கீழ் எல்லை உண்டு. நான்கு வருடமாக ஓடுகிறது. பொய்யாக நிரப்பிய ஃபார்ம்களை நிறையப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 7, புதன்

பால்: 1 லிட்டர். பயன்படுத்தியது 100 மில்லி.

மூன்று வீடும் நல்லிக்காட்டுப்புதூர் என்ற ஊரில் ஒரே தெருவில் இருக்கின்றன. திருப்பூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.

4-ஆம் எண். இரண்டு பெண்கள். மாதம் அரிசி 58 கிலோ. பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை.
7-ஆம் எண். வயதானவர் ஒருவர். ஐந்து படுக்கையறை, நான்கு ஏ.சி., இரண்டு கார். அரிசி பூஜ்யம். பருப்பு 9 கிலோ.
9-ஆம் எண். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒரே அறை. பெரியவர்கள் ஆறு, குழந்தை ஒன்று. அரிசி பூஜ்யம், பருப்பு பூஜ்யம். எண்ணெய் 7 லிட்டர், உருளைக்கிழங்கு 25 கிலோ.

யார் பார்த்தாலும் நம்ப மாட்டார்கள்.

ஜனவரி 8, வியாழன்

பால்: 1 லிட்டர். திறக்கவில்லை.

வண்டியை அவள் வரைந்த வரைபடத்தை வைத்து ஓட்டினேன். செப்டம்பரில் அந்தத் தெருவை முதலில் கணக்கெடுத்தபோது வரைந்தது. இப்போதுதான் முதல் தடவையாக விரித்துப் பார்க்கிறேன். அளவு பிசகாத வரைபடம். அறுபத்துநான்கு வீடு. பூட்டிக் கிடக்கும் பத்தொன்பது வீட்டுக்கும் பென்சிலால் லேசாக நிழல் போட்டிருக்கிறாள். ஓரத்தில் சின்ன எழுத்தில்: அறுபது வயது தாண்டியவர்கள் 41, ஐந்து வயதுக்குள் 1. தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாயை வரைந்து, 'குரைக்கும், கடிக்காது' என்று எழுதியிருக்கிறாள். நாய் குரைத்தது. கடிக்கவில்லை.

முதலில் 7-ஆம் எண். அர்த்தநாரி, எழுபத்தாறு வயது. நூல் மில் வைத்திருந்து விற்றவர். மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில். ஹாலில் ஆறு சோபா. அதில் ஒன்றில் மட்டும் உட்கார்ந்த குழி விழுந்திருந்தது.

"சர்வேங்களா? வாங்க, வாங்க. போன தடவ ஒரு அம்மிணி வந்துச்சுங்களே?"

"அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேங்க. மாசத்துக்கு அரிசி எவ்வளவு ஆகுங்க?"

"அரிசியே தொடறதில்லீங்க தம்பி. சக்கரை."

"பருப்பு?"

"ஒரு ஒம்பது கிலோ ஆகுமுங்க."

"ஒரே ஆளுக்குங்களா?"

"பருப்பு ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டரு சொல்லீருக்காருங்க."

சமையலறையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். விதிப்படி கேட்கலாம். நான்கு பர்னர் அடுப்பு. கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீன் உறை பிரிக்காமல் இருந்தது. ஃப்ரிட்ஜில் இன்சுலின், ஓர் எலுமிச்சம்பழம். மனிதர் பொய் சொல்லத் தெரியாமல் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

9-ஆம் எண்ணில் சபிதா என்ற பெண் மட்டும் இருந்தாள். இடுப்பில் பத்து மாதக் குழந்தை. வரைபடத்தில் இருக்கும் அந்த '1'. மற்றவர்கள் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார்கள்.

"அரிசி இல்லே சார். எண்ணெ ஏளு லிட்டர். ஆலு இருவத்தஞ்சு."

"சோறு எங்கம்மா சாப்பிடுறீங்க?"

அவள் எதிரே 4-ஆம் எண் கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தமிள் தெரியாது சார்" என்றாள். அதுவரை தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம். குழந்தை டேப்பைப் பிடித்து இழுத்து நக்கியது.

4-ஆம் எண். ஓட்டு வீடு, ஓர் அறை, பின்னால் சாய்ப்பு இறக்கிய சமையல் இடம். பாவாயி, வயது ஐம்பத்துநான்கு. பனியன் துணி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கூட அவர் வீட்டுக்காரரின் அக்கா மாராயி. அந்த அம்மாவுக்குக் காது கேட்காது.

"நீ ஆரு?"

"சர்வேங்க."

"அந்தப் புள்ள எங்க?"

"அவங்க வர மாட்டாங்க."

"ஏன், வேலைய உட்டுத் தூக்கீட்டீங்களா?"

"இல்லீங்க."

டேப்பைத் திறந்தேன்.

"அரிசி மாசம் அம்பத்தெட்டு கிலோன்னு எழுதியிருக்குங்க. ரெண்டு பேருக்கு..."

"ஆமா. நாந்தான் தின்னேன். எனக்குப் பசிக்கும். எழுதிக்க."

"காரணம் வேணுங்கம்மா."

"பசிதான் காரணம். வேற என்ன காரணத்துக்குச் சோறு திம்பாங்க உங்கூருல?" கத்தரிக்கோல் நிற்கவே இல்லை. "இத பாரு தம்பி, அந்தப் புள்ளகிட்டச் சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. அவள வரச் சொல்லு. உங்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

மூன்று வீட்டிலும் எண்கள் மாறவில்லை. காரணமும் கிடைக்கவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

ஜனவரி 9, வெள்ளி

பால்: 1 லிட்டர். நேற்றையது திரிந்துவிட்டது. கொட்டினேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பால்: 1 லிட்டர்.
சாதம்: முக்கால் டம்ளர் வைத்தேன். அது இரண்டு பேர் அளவு. பாதி மிச்சம்.

துணி துவைத்தேன். என் சட்டை ஆறு. பேன்ட் மூன்று. அவளுடைய சுடிதார் துப்பட்டா ஒன்று கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. அதைத் துவைக்கவில்லை.

பால்காரர் மணியடித்தார். "சார், ரெண்டு பாக்கெட்டே போடட்டுங்களா? இல்ல, ஒண்ணு..."

"ரெண்டே போடுங்க."

ஆகஸ்ட் வரைக்கும் ஒன்றுதான் வாங்கினோம். செப்டம்பரில்தான் அவள் இரண்டாக்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. காபி கொஞ்சம் கெட்டியாகக் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா போனில், "பாலக் கொட்டாதடா, தயிராவது தோச்சு வை" என்றார். அவள் தயிர் தோய்க்கும், பிடியும் மூடியும் உள்ள தூக்குப்போசியில் தோய்த்தேன். இரண்டு லிட்டர் பிடிக்கும். எங்கள் இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய போசி என்று தெரியவில்லை.

சிலிண்டர் நவம்பர் 3-இல் மாட்டியது. அறுபத்தொன்பது நாளாகிறது. இருவராக இருந்தபோது ஐம்பது நாள் வந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

பால்: 1 லிட்டர். பயன்படுத்தியது 100 மில்லி.

இன்று சர்வரில் அந்த மூன்று ஃபார்மையும் ஆதியிலிருந்து திறந்து பார்த்தேன். 4-ஆம் எண்ணில், 'பிறர் வீட்டாருக்கு இலவசமாக அளித்த உணவு' என்ற கட்டம் காலி. 'கூலிக்குச் சமைத்தது' என்ற கட்டமும் காலி. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில் எழுதியிருக்கிறாள்.

'பாவாயி அக்கா இதை எந்தக் கட்டத்திலும் எழு'

அவ்வளவுதான். அங்கேயே நிற்கிறது.

குறிப்புக் கட்டத்துக்கு நாற்பது எழுத்து என்று எல்லை வைத்தவன் நான். ஃபீல்டு ஆட்கள் கதை எழுதுகிறார்கள், அதைப் படிக்க நேரமில்லை என்பதற்காக வைத்தேன். புள்ளி, கொக்கி, கால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் தனித்தனி எழுத்தாக எண்ணும். ஆகவே தமிழில் ஐந்தாறு சொல்தான் நிற்கும். மீதி எங்கேயும் சேமிக்கப்படாது. டேப்பிலும் தேடினேன், பேக்கப்பிலும் தேடினேன். இருக்காது என்று தெரிந்துதான் தேடினேன். புரோகிராமை அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன்.

நவம்பர் 19-ஆம் தேதி நான் அவளுக்கு அனுப்பிய மெசேஜும் போனில் இருக்கிறது. ஒழுங்குக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

நான்: "4, 7, 9 மூணும் நம்புற மாதிரி இல்ல. வீட்ல உக்காந்து ரொப்புனியா?"
அவள்: "குறிப்புல எழுதியிருக்கேனே. படிச்சியா?"
நான்: "அதெல்லாம் பாக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."
அவள்: "ஒரு தடவ வந்து பாரு."
நான்: "நேரமில்ல."

21-ஆம் தேதி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். வைக்கவில்லை. எதிர்வீட்டில் கொடுத்தார்கள். ஒரு கரண்டி.

ஜனவரி 18, ஞாயிறு

பால்: 1 லிட்டர். திறக்கவில்லை.
மதியச் சாப்பாடு: வெளியே. கீழே எழுதுகிறேன்.

இன்று காலை பத்தரைக்கு நல்லிக்காட்டுப்புதூர் போனேன். டேப்பை வண்டியிலேயே வைத்துவிட்டேன். பாவாயி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். பெரிய அலுமினியக் குண்டா.

"மறுக்கா வந்துட்டியா? அந்தப் புள்ளய வரச் சொல்லுன்னேனே."

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"எப்ப?"

"நவம்பர் இருபத்தெட்டு."

"என்ன கெழம?"

"வெள்ளி."

அவர் களைந்த தண்ணீரை மெதுவாக வடித்தார்.

"செவ்வாயும் வெள்ளியும் வருவா. அதுக்கு முந்தின செவ்வாக்கெழம வரல. சரி, வெள்ளிக்கெழம தப்பாம வருவான்னு அன்னிக்கு ஒரு ஆளுக்குச் சேத்தி ஒல வெச்சேன். சோறு மிஞ்சிப் போச்சு." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ அவளுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

இந்த ஐம்பது நாளில் இறப்புப் பதிவு, பேங்க் என்று ஃபார்ம் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னது இன்றுதான்.

"அதான் அன்னிக்கு மொகம் அப்படி இருந்துச்சா. நான் வேற உன்ன ஏசிப்போட்டேன். உள்ள வா. இந்தக் குண்டாவ அந்தப் பக்கம் புடி."

பிடித்தேன். கனமாக இருந்தது. அடுப்பில் ஏற்றினோம். விறகடுப்பு. அதற்குப் பிறகு அவர் துக்கம் எதுவும் விசாரிக்கவில்லை. வெங்காயத்தை என் முன்னால் தள்ளினார். உரித்தேன்.

வான்மதி எழுதி, நான் வெட்டிய அந்த வாக்கியத்தைச் சொன்னேன். எனக்கு மீதி தெரிய வேண்டும் என்றேன். மீதி இல்லாவிட்டால் அவள் பொய் எழுதினாள் என்று ரிப்போர்ட்டில் வரும் என்றும் சொன்னேன்.

"ஆரு சொல்றது அவ பொய் எழுதுனான்னு?"

"நான்தாங்கம்மா சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கேளு" என்று ஆரம்பித்தார்.

"எதுத்தாப்புல இருக்குதே பெரிய வீடு, அங்க நான் முப்பது வருசம் வாச கூட்டியிருக்கேன். பண்ணாடி, அதான் அந்த மொதலாளி, அவரு சம்சாரம் இருந்த வரைக்கும் சமயக்கட்டு எந்தத் தெசைன்னு எனக்குத் தெரியாது. காப்பி குடுப்பாங்க. எனக்குன்னு ஒரு அலுமினிய டம்ளரு, பின்வாசப்படி ஓரத்துல கவுந்து கெடக்கும். குடிச்சுட்டு நானே களுவி வெச்சுரோணும். அந்தம்மா போயி மூணு வருசமாச்சு. பிள்ளைக அமெரிக்காவுல. சமையலுக்கு ஆளு வெச்சாங்க, ஒண்ணும் நிக்கல. கம்பெனிக்குப் போனா நல்ல சம்பளம், கெழவனுக்கு ஆக்கிப்போட ஆரு வருவா? ஒரு நா சக்கரை கொறஞ்சு வாசல்ல உளுந்து கெடந்தாரு. நாந்தான் தூக்குனேன். அப்பறம் வந்து நிக்கறாரு, பாவாயி, எங்கூட்டுக்கு வந்து ஆக்கிப்போடுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்கூட்டுக்கு வந்து ஆக்க மாட்டேன் பண்ணாடி. பசிச்சா எங்கூட்டுக்கு வந்து தின்னுங்கன்னேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உப்புப் போடலாமா என்று கேட்பது மாதிரிச் சொன்னார்.

"நாலு நா வரல. அஞ்சாம் நாளு வந்தாரு. பருப்பு மூட்டையத் தலையில வெச்சுட்டு வந்தாரு பாரு, தெருவே பாத்துச்சு. வெறுங்கையோட வந்து உக்கார்ற பழக்கம் இங்க இல்ல. அப்பறம் லைன் வீட்டுப் புள்ளைக. அந்தச் சபிதா மாசமா இருந்தப்ப வாந்தியெடுத்துட்டே கம்பெனிக்குப் போவா. அந்த ரூமுல அடுப்பு வெச்சா மூச்சு முட்டும். இங்க வான்னேன். அவ பின்னாடியே அஞ்சு பேரு. எண்ணெயும் ஆலும் அவங்களுது. மொதல்ல கடுகெண்ணெயக் கொண்டாந்தாங்க, தெருவே நாறிப்போச்சு. இப்ப கடல எண்ணெய்தான். அரிசி என்னுது. ரேசன் அரிசி பத்தாம கடையில எடுப்பேன்."

"வான்மதி இதை எழுதட்டுமான்னு கேட்டாளா?"

"கேட்டா. ஓசியாப் போட்ட சோறுன்னு ஒரு கட்டம் இருக்குதாமே. அதுல எழுதுனா நான் என்னமோ தருமம் பண்ணுன மாதிரி ஆயிரும். கூலிக்கு ஆக்குனதுன்னு இன்னொண்ணு. அதுல எழுதுனா நான் பண்ணாடி கூட்டுச் சமையக்காரி ஆயிருவேன். ரெண்டும் பொய். பொய்ய எழுதாதன்னேன். அந்தப் புள்ள ரொம்ப நேரம் அந்தப் பொட்டியப் பாத்துட்டே உக்காந்திருந்துச்சு. அப்பறம், சரிங்கக்கா, ரெண்டுலயும் எழுதல, நானா தனியா எழுதிக்கறேன்னுச்சு."

அவள் அப்படித்தான். மற்றவர்கள் இரண்டில் ஒன்றை டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சிவப்பு வந்திருக்காது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பன்னிரண்டரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்களாம். லைன் வீட்டிலிருந்து ஐந்து ஆண்கள், சபிதா, குழந்தை. அர்த்தநாரி பின்பக்கமாக வந்தார். என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

பாவாயி, "வாங்க பண்ணாடி, சக்கரைக்காரரு அரிசியே தொடமாட்டீங்களாமே? சர்வேக்காரரு சொல்றாரு" என்றார்.

அர்த்தநாரி சங்கடத்தோடு சிரித்தார். "தம்பி, எம்பையனுக்குத் தெரிஞ்சா போன்லயே குதிப்பான். சொந்தக்காரங்க ஒரு பக்கம். அதனாலதானுங்க..."

"ஃபார்ம்ல பேரு வராதுங்க. நம்பர் மட்டுந்தான்."

"அப்படீன்னா எழுதிக்கங்க." பாயில் உட்கார்ந்தார். குழந்தை தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறியது. அவர் அதன் வாயில் பருப்புச்சாதத்தைப் பிசைந்து வைத்தார். அது துப்பியது. மறுபடியும் வைத்தார்.

எனக்கும் தட்டு வந்தது. பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், ரசம். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று அளக்கவில்லை. மூன்று தடவை போட்டார்கள்.

"தயிரு இல்ல கண்ணு. ரெண்டு மாசமா இல்ல" என்றார் பாவாயி. சரி என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் அர்த்தநாரி தட்டை எடுத்துக்கொண்டு துவைக்கல்லுக்குப் போய்க் கழுவினார். நன்றாகத் தேய்த்து, கவிழ்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்தார்.

"முப்பது வருசம் நான் களுவுன டம்ளரு. இன்னும் இருவத்தெட்டு வருசம் பாக்கி இருக்குது பண்ணாடி, நல்லாத் தேயுங்க."

"கேட்டீங்களா தம்பி? தெனமும் இதச் சொல்லித்தான் சோறே போடுது." அவர் இதைக் கோபமில்லாமல் சொன்னார். ஆனால் சிரிக்கவும் இல்லை. சொல்வது நியாயம்தான் என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு தட்டைக் கவிழ்த்துவைத்தார்.

என் தட்டை நானே கழுவினேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பால்: 1 லிட்டர். பயன்படுத்தியது 100 மில்லி.

மதியம் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போனபோது ஒரு சோதனை செய்து பார்த்தேன். 4, 7, 9 மூன்று ஃபார்மையும் ஒன்றாகக் கூட்டினேன். ஆட்கள் 2, 1, 6. குழந்தையைச் சேர்க்காமல் ஒன்பது.

அரிசி 58-ஐ ஒன்பதால் வகுத்தால் தலைக்கு ஆறரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பச்சை.
பருப்பு 9. தலைக்கு ஒரு கிலோ. பச்சை.
எண்ணெய் 7 லிட்டர். பச்சை.
உருளைக்கிழங்கு, புளி, மிளகாய், காய்கறி. வரிசையாகப் பச்சை.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் பொய். சேர்த்துப் பார்த்தால் மூன்றும் உண்மை. நான்கு வருடம் வீடுகளை ஒவ்வொன்றாகவே பார்க்கும் புரோகிராமை எழுதி வைத்துக்கொண்டு, அது நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்திருக்கிறேன். அவள் இந்தக் கணக்கை டேப் இல்லாமல், அந்தப் பாயில் உட்கார்ந்த இடத்தில் போட்டிருக்கிறாள். 'உக்காந்து ரொப்புனியா' என்று நான் கேட்டது ஒரு விதத்தில் சரிதான்.

ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது. பால், தயிர். மூன்று வீடும் சேர்ந்து வாங்கியது மாதம் நான்கு லிட்டர், குழந்தைக்கு. ஒன்பது பேருக்கு அது பற்றாது. கீழ் எல்லைக்கும் கீழே. நவம்பர் ஃபார்மில் 'தயிர் உண்பது உண்டா' என்ற இடத்தில் 'உண்டு' என்று இருக்கிறது. எங்கிருந்து என்ற இடம் காலி.

பாவாயிக்குப் போன் செய்தேன்.

"அம்மா, தயிர் எங்க வாங்குவீங்க?"

"வாங்கறதா? அந்தப் புள்ளதான் கொண்டாரும். தூக்குப்போசியில. செவ்வாயும் வெள்ளியும். மொத நாளு சாப்புட உக்காருன்னேன், வெறுங்கையோட உக்கார மாட்டேன்னு போயிருச்சு. அடுத்த வாட்டி போசியோட வந்துச்சு. உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்கம்மா."

"புளிக்காத தயிரு. நல்லாத் தோக்கும்" என்றார் பாவாயி. போனில் பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அவராக வைக்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு பேர் இருந்த ஒரு வீடு. மாதம் முப்பது லிட்டர் பால். செப்டம்பரிலிருந்து என் வீட்டுக் கதவுக்கு முன்னாலேயே வந்து விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டு ஃபார்ம் என் புரோகிராமுக்குள் வந்திருந்தால் சிவப்பு காட்டியிருக்கும்.

நான்காவது ஃபார்ம் என்னுடையது. அதையும் சேர்த்துக் கூட்டினேன். பச்சை.

ஜனவரி 21, புதன்

பால்: 1 லிட்டர். தோய்த்தேன்.

குறிப்புக் கட்டத்தை நாற்பதிலிருந்து இரண்டாயிரம் எழுத்தாக மாற்றினேன். மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு 4-ஆம் எண்ணைத் திறந்து, அவள் எழுதியதை அழிக்காமல், நின்ற இடத்திலிருந்து தொடர்ந்து எழுதினேன்.

'பாவாயி அக்கா இதை எந்தக் கட்டத்திலும் எழுத விடவில்லை. அவர் சொல்வது சரி. 4, 7, 9 மூன்று வீட்டுக்கும் அடுப்பு ஒன்று. அரிசி 4-லிருந்து வருகிறது, பருப்பு 7-லிருந்து, எண்ணெயும் கிழங்கும் 9-லிருந்து. இதில் யாரும் யாருக்கும் இலவசமாகப் போடவில்லை. யாரும் யாருக்கும் கூலிக்குச் சமைக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவுகிறார்கள். தயிர், கணக்கெடுத்தவர் வீட்டிலிருந்து வந்தது. முதல் வருகையில் எழுதப்பட்ட எல்லா எண்களும் சரி. நேரில் பார்த்தேன்.'

அவள் இப்படித்தான் முடித்திருப்பாளா என்று தெரியாது.

கேத்தரின் மேடம் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"விதிப்படி மூணு கூரை, மூணு குடும்பம் சிபி. ஒண்ணா மாத்த முடியாது."

"மூணாவே இருக்கட்டும் மேடம். குறிப்பு மட்டும் முழுசாப் போகட்டும்."

"கணக்கெடுத்தவர் வீட்டிலேர்ந்து தயிர்னு எழுதியிருக்கியே. அப்படியெல்லாம் ஃபீல்டு ஆளு குடுக்கலாமா, வாங்கலாமான்னு மேல கேப்பாங்களே?"

"கேக்கட்டும் மேடம். நான் பதில் சொல்றேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு ஃபார்மும் போயின. 'வீடு செல்லாமல் நிரப்பியவை' பட்டியலில் வான்மதியின் கோடு எண் இல்லை. பிரின்ட் எடுத்துப் பார்த்தேன். இல்லை.

ஜனவரி 23, வெள்ளி

பால்: 1 லிட்டர். நேற்றைய தயிர் நன்றாக உறைந்திருக்கிறது. உறை கொஞ்சம் அதிகம். புளிக்கிறது.

துப்பட்டாவைத் துவைத்தேன்.

ஜனவரி 25, ஞாயிறு

காலையில் பால்காரர், "இந்த மாசத்தோட ஒண்ணாக் கொறச்சுக்கலாங்களா சார்?" என்றார். வேண்டாம், இரண்டும் வேண்டும் என்றேன்.

தூக்குப்போசியை வண்டி முன்னால் மாட்டிக்கொண்டு போனேன். ஒன்பது கிலோமீட்டரில் இரண்டு இடத்தில் சிந்தியது. அவள் எப்படிச் சிந்தாமல் கொண்டுபோனாள் என்று கேட்டேன். மூடிக்கு அடியில் வாழையிலைத் துண்டு ஒன்றை வைத்து இறுக்கினால் சிந்தாதாம். சபிதா காட்டிக்கொடுத்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது வான்மதியாம்.

பாவாயி ஒரு வாய் போட்டுப் பார்த்தார்.

"புளிக்குது."

"ஆமாங்க."

"ஒற கொறச்சுப் போடு. அவ கால் கரண்டிதான் போடுவா." இன்னொரு வாய் போட்டுக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கெழம சரியாக் கொண்டா."

தயிர்: தோய்த்தது 2 லிட்டர். சிந்தியது 100 மில்லி. மீதி எல்லாம் சாப்பிட்டாகிவிட்டது.
மிச்சம்: இல்லை.